பூங்காவனத்தின் வெள்ளைச் சீட்டு

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனில் பேசியதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. பஸ்ஸில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம், காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது? விவரம் தெரிந்தவனுக்கு இரண்டு ஓட்டுக் கொடுக்க வேண்டும், ஒன்றும் தெரியாதவனுக்கு ஒன்று போதும் என்று சொன்னீர்கள். அந்தப் பக்கம் இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. நான் நாற்பது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு ஓட்டு இருந்தது, தம்பி. ஒரே ஒரு தேர்தலில். அப்படிப் பார்க்காதீர்கள், கள்ள ஓட்டு இல்லை. அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க மறைப்புக்குள் போய் இரண்டு ஓட்டுப் போட்டவன் நான்.

சொல்கிறேன். நேரம் இருக்கிறதே.

என் பெயர் ஏகாம்பரம். குடியாத்தத்திலிருந்து ஆறு மைல் தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. என் படிப்பெல்லாம் பீடிக் கொட்டகையில். முப்பத்தைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? அதற்காக ஒருவன் பேப்பர் வாசிப்பான். அந்த ஒருவன் நான். காலையிலிருந்து மாலை வரைக்கும் வாசிப்பேன். தலையங்கம், சட்டசபை, வெளிநாடு, எல்லாம். ஆளுக்கு முப்பது பீடி எனக்காகச் சுற்றி என் தட்டில் போடுவார்கள். அதில் என் ஒரு நாள் கணக்கு ஆயிரம் பீடி நிறைந்துவிடும். இருபத்திரண்டு வருடம் அப்படி வாசித்தேன். நான் பேசுவது பேப்பர் மாதிரி இருக்கிறது என்று ஊரில் கேலி செய்வார்கள். அப்படித்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் வாசித்துவிட மாட்டேன். அதில் ஒரு பக்குவம் இருக்கிறது. கொலை, கள்ளக்காதல், சினிமாக்காரி விவாகரத்து, இதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? தாண்டிவிடுவேன். பயம் உண்டாக்கும் செய்தியையும் தாண்டிவிடுவேன். எங்கள் பக்கத்தில் பீடிக் கொட்டகைகளை மூடிவிட்டு வீட்டு வேலையாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. பார்த்ததுமே வதந்தி என்று தெரிந்தது. வாசிக்கவில்லை. மூன்று மாதத்தில் எங்கள் கொட்டகையை மூடிவிட்டார்கள். அது வேறு விஷயம். எழுதியிருந்த விதம் வதந்தி மாதிரி இருந்தது.

அந்தக் கொட்டகையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சுற்றியவள்தான் பூங்காவனம். என் மனைவி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் வரி தாண்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால், "மூச்சு வாங்குறய்யா, குட்டையத் தாண்டுறவன் மாதிரி" என்பாள். முப்பத்தைந்து பேரும் சிரிப்பார்கள்.

கொட்டகை மூடியதும் வீட்டில் சுற்ற ஆரம்பித்தாள். கொட்டகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிய பக்கத்து வீட்டு நவநீதமும் காலையில் முறத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். புருஷன் இல்லாதவள், பூங்காவனத்தைவிடப் பத்து வயது சின்னவள். அக்கா அக்கா என்று இவளையே சுற்றிக்கொண்டிருப்பாள். என்னை மாமா என்பாள். இரண்டு பேரும் வாயை மூடமாட்டார்கள். எனக்குப் பேப்பர் படிக்க முடியாது.

பிறகு பூங்காவனத்துக்குச் சர்க்கரை வந்தது. முதலில் இடது கண், மறு வருடம் வலது கண். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பீடி சுற்றுவதை அவள் விடவில்லை. இலையில் தூள் வைப்பது, உருட்டுவது, நூல் கட்டுவது, முனை மடிப்பது, எல்லாம் விரலே செய்துவிடும். இலை வெட்டுவது மட்டும் முடியாது. அளவுத் தகட்டை இலைமேல் வைத்து, நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கத்தரிக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டும். அதை நவநீதம் செய்தாள். தன் இலையையும் வெட்டி, இவள் இலையையும் வெட்டி, ஈரத்துணியில் மூடி இவள் மடிக்குப் பக்கத்தில் வைப்பாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. பூங்காவனம் நாளைக்கு அறுநூறு பீடி சுற்றுவாள், தம்பி. கண் தெரியாமல். பீடிக் கம்பெனியில் செக்கிங் செய்கிறவர் அவள் கட்டைப் பிரித்தே பார்க்கமாட்டார்.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன்.

பஞ்சாயத்துத் தேர்தல். எங்கள் வார்டு உறுப்பினர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஞானசேகரன். எம்.ஏ. பிளாக் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் திட்டத்தில் என்ன கேட்கலாம், யாருக்கு எழுத வேண்டும், எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். இன்னொருத்தி தெய்வானை. எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் வால்வு திறந்துவிட்டுக்கொண்டிருந்தவள். தேர்தலில் நிற்பதற்காக அந்த வேலையை விட்டாள். படிப்பு இல்லை. வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது.

ஞானசேகரன் எங்கள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தார். பஞ்சாயத்துச் சட்டத்தில் கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்று அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போகும்போது, "உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எல்லாம் படிச்சவர் நீங்க" என்றார். எம்.ஏ. படித்தவர் சொன்னார். நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

தெய்வானையும் வந்தாள். நடு வீட்டில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். "யக்கா, நீ எனக்குத்தான் போடுவ, தெரியும். வரேன்" என்று போய்விட்டாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு நான் பூங்காவனத்திடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"ஞானசேகரன் எம்.ஏ. படித்தவர். எங்கே பேசினாலும் அவர் பேச்சு எடுபடும்."

"பேசட்டும். அவுரு வூட்ல போரு போட்டிருக்குது. குழாயில தண்ணி வர்லன்னா அவுருக்கு எப்பிடித் தெரியும்?"

"தெய்வானை ஒழுங்கானவளா? வேண்டியவர்கள் தெருவுக்குப் பத்து நிமிடம் அதிகமாகத் தண்ணீர் விடுவாள். ஊருக்கே தெரியும்."

"ஆமா. நான் வேண்டியவ."

இலை வெட்டிக்கொண்டிருந்த நவநீதம் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நாட்டில் ஓட்டு என்பது இப்படித்தான் போகிறது. பத்து நிமிடத் தண்ணீருக்கு. கோபம் வந்தது, பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

கண் தெரியாதவர்கள் ஓட்டுப் போடத் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போகலாம். அவர் சொல்கிற சின்னத்தில் துணையாள் போட வேண்டும். பேப்பர் படிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் இரண்டு தேர்தலில் நான் துணைக்குப் போயிருக்கிறேன். அவள் என்ன சொன்னாளோ அதையே அழுத்தினேன், ஒரு மாற்றமும் இல்லை. அவை பெரிய தேர்தல்கள். லட்சம் ஓட்டில் ஒன்று எந்தப் பக்கம் போனால் என்ன? ஆனால் வார்டுத் தேர்தலில் இருநூறு பேர் கூட ஓட்டுப் போடமாட்டார்கள். இங்கே ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு. ஆகவே யோசித்துப் போட வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. முதலில் என் ஓட்டைப் போட்டேன். அவளுக்கு நான்கு சீட்டுக் கொடுத்தார்கள். வார்டுக்கு வெள்ளைச் சீட்டு. மற்ற மூன்றும் தலைவர், ஒன்றியம், மாவட்டம். அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். ரகசியம் காப்பேன், வேறு யாருக்கும் இன்று துணையாகப் போகவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவர் என் கையெழுத்தைப் பார்த்து, "நல்லாருக்கே, வாத்தியாரா?" என்றார்.

மறைப்புக்குள் போனோம். பூங்காவனம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று சீட்டில் அவள் சொன்னபடியே குத்தினேன். அதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் அவள் சொன்னபடி. வெள்ளைச் சீட்டில் மேலே ஞானசேகரன், ஆட்டோ சின்னம். கீழே தெய்வானை, பூட்டு சாவி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

"சாவி" என்றாள் காதோடு.

நான் மேலே குத்தினேன்.

"குத்திட்டியா?"

"ஆயிற்று."

"மை நல்லா பட்டுச்சா? செல்லாதுன்னு சொல்லிடப் போறானுங்க."

"பட்டது."

சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தேன். பெட்டி வாயைத் தடவிப் பார்த்து அவளே போட்டாள். வெளியில் வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது நல்ல வெயில். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நம்ம வேல முடிஞ்சிச்சு" என்றாள்.

எண்ணிக்கை குடியாத்தத்தில் நடந்தது. ஞானசேகரன் எண்பத்தெட்டு. தெய்வானை எண்பத்தேழு. தெய்வானை திரும்ப எண்ணச் சொன்னாள். திரும்ப எண்ணினார்கள். அதேதான். செல்லாத ஓட்டு ஒன்றுகூட இல்லை.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரே ஓட்டு. அந்த ஓட்டு என் கை குத்தியது. இருபத்திரண்டு வருடம் தொண்டை வறள வாசித்ததற்கு ஊரில் ஒருவன் ஒரு மரியாதை செய்திருப்பானா? அன்றைக்கு ஏகாம்பரத்தின் படிப்பு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன?

மறுநாள் காலையில் பூங்காவனம் தன் முன்னால் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். சுற்றிய பீடியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்க் கேட்டேன். ஒரு பீடிக்கு ஒரு ஆள். தெய்வானைக்குப் போட்டவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணு, நானு. ரெண்டு, நவநீதம். மூணு, தெய்வான. நாலு, அவ மாமியா..."

வார்டில் ஒவ்வொரு வீடாகப் போனாள். யார் போட்டார்கள், யார் ஊரில் இல்லை, யார் அந்தப் பக்கம், எல்லாம் அவள் மனதில் இருக்கிறது. என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள், நான் மறைக்கவும் இல்லை. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டி ஓரமாக வைப்பாள். முடிவில் மூன்று கட்டும் பதிமூன்று பீடியும் வந்தன.

"எம்பத்தெட்டு வருது. அவனுங்க எம்பத்தேழுன்றானுங்க. ஒண்ணு எங்க போச்சு?"

"நீ தப்பாக எண்ணியிருப்பாய்."

"முப்பது வருசமா கட்டு கட்றேன். ஒரு பீடி கொறஞ்சா கையில எடுக்கறப்பவே தெரியும்."

கட்டைப் பிரித்து மறுபடியும் ஆரம்பித்தாள். ஒண்ணு, நானு. அடுத்த நாளும் ஆரம்பித்தாள். ஒண்ணு, நானு. ஒவ்வொரு தடவையும் முதல் பீடி அவளுடையதுதான். சந்தேகமே இல்லாமல் எடுத்து வைப்பாள். நான் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வரி கண்ணில் ஏறாது.

நான்காவது நாள் என்னைக் கேட்டாள். "எனக்குக் கண்ணில்ல. ஊரப் பாக்குறவன் நீ. நீ சொல்லுய்யா. யாரு மேல சந்தேகம் வருது?"

நான் பொய் சொல்லவில்லை, தம்பி. அதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன். பார்த்ததைச் சொன்னேன். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் நவநீதம் ஞானசேகரன் வீட்டிலிருந்து வெளியே வந்தாள், நான் பார்த்தேன் என்றேன். நடந்த விஷயம். எதற்காகப் போனாள் என்று பூங்காவனம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விதவைப் பணத்துக்கான விண்ணப்ப பாரம் அவள் கையில் இருந்ததையும் பார்த்தேன்தான்.

பூங்காவனத்தின் விரல் முறத்துக்குப் போயிற்று. முறத்தில் இருந்த பீடியில் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் நவநீதம் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து இலை வெட்ட ஆரம்பித்தாள்.

"நவநீதம், நீ சாவிலதான் குத்துனியா?"

"இன்னாக்கா இது, காலங்காத்தால?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"சாவிலதான் குத்துனேன். கெங்கையம்மா மேல ஆணையா."

"ஆத்தாள இழுக்காத. அவன் வூட்டுக்கு எதுக்குப் போன?"

"பாரம் எழுதத்தான். மாமா எழுதித் தரேன் தரேன்னு பத்து நாளா இழுத்தடிச்சாரு. கடைசி தேதி போயிடும்னு அவர்கிட்ட போனேன்."

அதுவும் உண்மைதான். எனக்கு அந்த வாரம் மாவட்டவாரியாக வேட்பாளர் விவரம் படிக்க வேண்டியிருந்தது.

"எழுதிக் குடுத்தவனுக்குப் பதிலுக்கு நீ இன்னா குடுத்த?" என்றாள் பூங்காவனம்.

நவநீதம் கத்தரியைக் கீழே வைத்தாள். பூங்காவனத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"எய்ந்து போடி" என்றாள் பூங்காவனம்.  "முப்பது வருசம் எம் பக்கத்துல உக்காந்தியேடி."

 வெட்டிய இலையை அடுக்கி, ஈரத்துணியைப் பிழிந்து மூடி, பூங்காவனத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நவநீதம் எழுந்து போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெய்வானை சும்மா இருக்கிறவளா? குழாயடியில் நவநீதத்தின் குடத்தை வரிசையிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். "ஆட்டோல போய்ப் பிடிச்சிக்கோடி தண்ணி" என்று பெண்கள் சிரித்தார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நிற்பாள்.

அந்தக் குழாயும் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஞானசேகரன் வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்து, தெருக் குழாயை எடுக்க வைத்தார். திட்டப்படி செய்ததுதான். எங்கள் தெரு மேடு என்பதால் தண்ணீர் ஏறவில்லை. மேல் வால்வைப் பாதி மூடினால்தான் ஏறும் என்று தெய்வானை கத்தினாள். யார் கேட்பது? ஞானசேகரன் மேலிடத்துக்குப் பதினோரு மனு எழுதினார். ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். ஒரு சொல் எடுக்க முடியாது, ஒரு சொல் சேர்க்க முடியாது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழ்த்தெருவிலிருந்து குடத்தில் தூக்கி வந்தோம்.

இலை வெட்டுவதை நான் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தகடு நழுவும், நரம்பு குறுக்கே ஓடும். பூங்காவனம் ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்ப்பாள். "இது இலையாய்யா, அப்பளமா?" என்பாள் முதலில். அப்புறம் அதையும் சொல்வதில்லை. செக்கிங்கில் அவள் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பாதியைக் கழித்துப்போட்டார்கள். அவள் பீடியை வாழ்க்கையிலேயே யாரும் கழித்துப்போட்டதில்லை. மூன்றாவது மாதம், வேண்டாம் என்று முறத்தைச் சுவரில் சாத்திவிட்டாள்.

கை மட்டும் நிற்கவில்லை. முந்தானை நுனியை எடுத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். உருட்டி, முனை மடித்து, பிரித்து, திரும்ப உருட்டி. நாள் முழுக்க. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. நான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். "போதும்யா" என்பாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லாம் தெரியும். ஒரு நாள் கொல்லைப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது ஆரம்பித்துவிட்டேன்.

"பூங்காவனம், அந்த வெள்ளைச் சீட்டு இருக்கிறதே..."

அவள் நின்றாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா. நீ இன்னா பண்ணுவ? உனக்குப் புடிக்காட்டியும் நான் சொன்ன எடத்துலதான் குத்துன. எத்தினி பேரு புருசன் அப்பிடிச் செய்வான்? கூடவே இருந்தவ செஞ்சதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அதற்குமேல் எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? சொன்ன பிறகு அவள் எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவாள்?

இரண்டு வருடத்தில் சிறுநீரகம் போயிற்று. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "நவநீதத்தக் கூப்டுய்யா, ஒரு தபா பேசிடறேன்" என்றாள். மனசு அலைபாயும்படி எதுவும் கூடாது என்று டாக்டர் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் ஆள் அனுப்பவில்லை. நவநீதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் பூங்காவனத்திடம் சொன்னேன். ஆறு நாள், கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினாள்.

பூங்காவனத்தைப் பாடையில் எடுத்துப்போகிற அன்று நவநீதம் வந்து தெருவிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் காட்பாடிக்குப் போய்விட்டாள்.

நான் ஒரு வருடம் பொறுத்தேன். பிறகு போனேன். மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா மாமா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே சொன்னேன். வெள்ளைச் சீட்டில் மாற்றிக் குத்தியவன் நான்தான் என்றேன். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வரும்போது நிறைய வாக்கியம் தயார் செய்திருந்தேன். எதுவும் வரவில்லை.

அவள் பூவிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தெரியும் மாமா."

"எப்படித் தெரியும்?"

"என் ஓட்ட நான்தானே குத்துனேன்? எனக்குத் தெரியாதா? அக்கா எண்ணிக்க தப்பாது. அந்த எம்பத்தெட்டு பேருல அடுத்தவன் கையால வுழுந்த ஓட்டு ஒண்ணே ஒண்ணுதான்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. ஏன் பேசாமல் எழுந்து போனாய்?"

"சொல்லிட்டு? என்ன நம்புனா உன்ன நம்ப முடியாது. நான் இல்லன்னா இலதான் வெட்ட முடியாது. நீ இல்லன்னா அவளுக்கு யாரு மாத்திர எடுத்துக் குடுப்பா, யாரு கொல்லைக்குக் கூட்டினு போவா? கண்ணில்லாதவ மாமா அவ. ரெண்டுல ஒண்ணுதான் அவளுக்கு மிஞ்சும்னா, நீ மிஞ்சுன்னு வந்துட்டேன்."

 படியைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு மாமா? கேக்க வேண்டியவதான் போய்ட்டாளே." பூச்சரத்தைக் கத்தரித்தாள். "கடைசியிலயாவது என்னக் கூப்டாளா?"

அவள் கொடுத்த தண்ணீரில் மிச்சத்தைக் குடித்தேன், தம்பி. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி வுடு" என்றாள்.

ஊருக்குப் போய் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன், உன் பேரையாவது சரி செய்கிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"வாயத் தொறந்தின்னா நல்லாருக்காது, ஆமா. கூட்டினு போன புருசன் கையாலயே ஏமாந்தா, அது தெரியாம ஒருத்திய தொரத்துனா, குருட்டு முண்டம்னு தெருவுல அவளப் பேசுவாளுங்க. செத்தவளுக்கு இது தேவையா? எம் பேரு எப்பிடியோ போவுது. யாருகிட்டயும் சொல்லாத. அக்கா மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்லாத."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாள்.

ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஞானசேகரனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், யாரிடமும் என்று அவள் சொன்னால் அது ஊரில் யாரிடமும் என்றுதான் பொருள். அவள் படிக்காதவள், மனதில் இருப்பதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்களைப் பற்றி அவள் நினைத்தே பார்த்திருக்கமாட்டாள். நினைத்திருந்தால், அவர்களிடம் சொல்லிக்கொள் மாமா என்றுதான் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் இப்படி வேலூர் பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன். வேலூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

நீங்கள் படித்தவர். நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஓட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதும் நான் செய்ததும் ஒன்றுதானே?

ஏன் தம்பி எழுந்துவிட்டீர்கள்? இங்கே ஸ்டாப்பிங் கிடையாது, வெறும் கரும்புக் கொல்லை. முன்னாலும் காலி சீட்டு இல்லை, பாருங்கள், எல்லாரும் நின்றுகொண்டுதான் வருகிறார்கள். தம்பி...